ஸ்பிரே பெயிண்ட் வேலையில் மூக்கை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரின் கடைசிப் பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் அடித்து முடித்த பெயிண்டர், ஸ்பிரே கன்னைக் கொக்கியில் மாட்டியதும் முதலில் செய்வது முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளுவதுதான். பெயிண்ட் எங்காவது வழிந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளம் வந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பார். காற்றில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தின்னர் வாடையும் பாதி அடங்கியிருக்கும். ஆனால் மிக நுண்ணிய பெயிண்ட் துளிகள், பெயிண்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்துக்குள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அந்தத் துளிகளில், பெயிண்டை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் இருக்கும். கன் ஓடும்போது கவனமாக இருக்கும் ஆள்கூட, அது நின்ற அடுத்த சில நிமிடங்களில் ஹார்டனரை நேராக நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்கிறார்.

சின் மிங், உபி, காக்கி புக்கிட் கார் பட்டறைகள், சுங்கை காடுட் மரச்சாமான் பட்டறைகள், துவாஸ் கப்பல் பட்டறைகள், சிலேத்தார் விமானப் பராமரிப்புக் கூடங்கள் என எங்கும் ஸ்பிரே கன் பிடிப்பவர்களில் தமிழ் பேசும் ஊழியர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு விளக்கம் அவர்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் "மாஸ்க் போடுங்க" என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. எந்த மாஸ்க், எத்தனை மணி நேரம் தாங்கும், எப்போது கழற்றலாம் என்பதெல்லாம் ஆங்கிலத் தாள்களிலேயே தங்கிவிடுகிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரப் பணியில் உள்ள நாங்கள் அதைத் தமிழில் எழுத விரும்புகிறோம். கூடவே முதலாளிகளிடமும் மனிதவள அமைச்சிடமும் சில கோரிக்கைகளையும் வைக்கிறோம்.

முதலில் ஹார்டனர். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டை, பட்டறையில் டூ-கே என்பார்கள். அதன் ஹார்டனர் டப்பாவில் இருப்பது ஐசோசயனேட். கார் கிளியர் கோட்டில் அது பெரும்பாலும் எச்டிஐ என்ற ஐசோசயனேட்டின் சங்கிலி வடிவங்களாக இருக்கும். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச், எச்டிஐக்குப் பரிந்துரைத்துள்ள எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 0.005 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற அளவு). தின்னரில் உள்ள டொலுவீனுக்கு அதே அமைப்பு சொல்லும் வரம்பு 20 பிபிஎம். நாலாயிரம் மடங்கு வித்தியாசம். டொலுவீன் தன் வாடையால் ஓரளவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஐசோசயனேட் அப்படியில்லை. ஆபத்தான அளவில் காற்றில் இருக்கும்போதும் அதன் வாடை மூக்குக்குத் தெரியாது. பூத்துக்குள் நுழைந்து முகர்ந்து பார்த்து, "வாடை போயிடுச்சு, இனி பரவாயில்லை" என்று சொல்லும் பெயிண்டர் தின்னரைத்தான் அளக்கிறார். ஹார்டனரைப் பற்றி அவர் மூக்கு ஒன்றும் சொல்லாது. இந்தக் கடிதத்தில் நாங்கள் சொல்ல வருவது முழுக்க இதிலிருந்துதான் வருகிறது: இந்த வேலையில் மூக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கடிகாரத்தையும் அளவுமானிகளையும் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

ஐசோசயனேட் உடலுக்குச் செய்வதும் தின்னர் செய்வதுபோல் அல்ல. தின்னர் அதிகமானால் தலை சுற்றும், தலை வலிக்கும், வாந்தி வரும். நல்ல காற்றுக்கு வந்தால் பெரும்பாலும் தெளியும். ஐசோசயனேட் உடலின் எதிர்ப்பு மண்டலத்தை மாற்றிவிடுகிறது. இதற்குச் சிலருக்குச் சில வாரங்கள் போதும், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். யாருக்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒருமுறை அந்த மாற்றம் வந்துவிட்டால், அதன் பிறகு வரம்புக்கு வெகு கீழே உள்ள அளவுகூட ஆஸ்துமாவைக் கிளப்பும். பக்கத்து பூத்தில் வேறு யாரோ அடித்தாலும் மூச்சு முட்டும். அந்த நிலையில் இன்னும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்து அதே வேலையில் வைத்திருப்பது தீர்வாகாது. அவரை அந்தப் பொருளிலிருந்து முழுமையாக விலக்க வேண்டும். தொடர்ந்து அதிலேயே நின்றால் கடுமையான ஆஸ்துமா உயிரையே பறிக்கலாம். குடும்பக் கடனை அடைக்க வந்த ஒருவருக்குத் தொழிலே கைவிட்டுப்போகிறது. அதனால்தான் இதை வருமுன் தடுப்பது பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

வாட்டர் பேஸ் பெயிண்டுக்கு மாறிவிட்டோம், இனி கவலையில்லை என்று சில பட்டறைகளில் சொல்கிறார்கள். மாறியது நிறம் தரும் பேஸ் கோட் மட்டுமே. அதன் மேல் அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் பழைய டூ-கே ஐசோசயனேட்தான்.

இனி வேலையை வரிசையாகப் பார்ப்போம். கலக்கும் அறையில் தொடங்குகிறது சிக்கல். அங்கே தனி எக்சாஸ்ட் ஓட வேண்டும். கலப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, ஆவியைப் பிடிக்கும் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் மூன்றும் அணிய வேண்டும். ஹார்டனர் மூடியை வேலை முடியும்வரை திறந்தே வைப்பது கெட்ட பழக்கம். ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தை வாங்கிய ஹார்டனரை மூடி இறுக்கி வைத்தால் டப்பா உப்பும், சில சமயம் வெடித்துத் தெறிக்கும். எடுத்தவுடன் மூட வேண்டும். உப்பிய டப்பாவைத் திறக்கக் கூடாது. மீந்த ஹார்டனரைத் தண்ணீர் கலந்த கழிவோடு ஊற்றி மூடி வைக்கவும் கூடாது.

கன் அமைப்பும் சுகாதார விஷயம்தான் என்பதைப் பல மேற்பார்வையாளர்கள் கவனிப்பதில்லை. பழைய வகை கன்னில் கலந்த பெயிண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருளின் மேல் ஒட்டும், மீதி காற்றில் போகும். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றை அனுப்பும் எச்விஎல்பி கன் குறைந்தது 65 விழுக்காட்டை ஒட்டவைக்கும். ஆனால் அதன் முனையில் உள்ள காற்று மூடியில் அழுத்தம் 0.7 பார், அதாவது 10 பிஎஸ்ஐக்குள் இருந்தால்தான் அந்தப் பலன். ஃபினிஷ் பளபளப்பாக வரட்டும் என்று ரெகுலேட்டரைத் திருகி ஏற்றினால், துளிகள் பொடிப்பொடியாகி, பொருளில் ஒட்டாமல் திரும்பி, பெயிண்டரின் முகத்துக்கே வரும். கன்னில் பொறித்திருக்கும் உள்நுழைவு அழுத்தத்தைப் பார்த்து, சுவரில் உள்ள மீட்டரில் அல்லாமல் கன்னின் கைப்பிடியில் மாட்டிய மீட்டரில் அளந்து வைக்க வேண்டும். நீண்ட ஹோஸில் அழுத்தம் குறையும் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். இப்படி அடித்தால் பெயிண்டும் மிச்சம், அதனால் முதலாளிக்கும் இதில் நட்டமில்லை.

பூத் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முகமூடி தவறினாலும் காப்பாற்றக்கூடியது அதுதான். பக்கவாட்டில் காற்று ஓடும் பூத்தில் ஒரு விநாடிக்கு அரை மீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பூத்துக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கதவு இடுக்கு, விளக்குச் சட்டம் வழியாக மூடுபனி போன்ற துளிகள் வெளியேறி, மாஸ்க் எதுவும் இல்லாமல் புட்டி தேய்த்துக்கொண்டிருப்பவரிடம் போகும். எக்சாஸ்ட் ஃபில்டர் அடைபட அடைபட இந்தச் சமநிலை புரளும். ஆகவே ஃபில்டரை "பார்த்தால் அழுக்காகத் தெரியும்போது" மாற்றாமல், மானோமீட்டர் காட்டும் அழுத்த வித்தியாசம் பூத் தயாரிப்பாளர் குறித்த அளவைத் தொடும்போது மாற்ற வேண்டும்.

இப்போது முதலில் சொன்ன முகமூடி தூக்கும் விஷயத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு பூத்துக்கும் காற்று தெளியும் நேரம் என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கலை நிகழ்ச்சி மேடைகளில் பயன்படும் புகை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் போதும். உள்ளே ஒரு வண்டியை நிறுத்தி, கதவை மூடி, பூத் முழுவதும் புகையால் நிரப்புங்கள். ஸ்பிரே செய்யும் நிலையில் எக்சாஸ்டை ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். பிரகாசமான டார்ச் வெளிச்சத்தில் வண்டியின் நாலு பக்கமும், மூலைகளும், வண்டியின் அடிப்பகுதியும் பாருங்கள். கடைசிப் புகையும் மறையும் நேரம்தான் உங்கள் பூத்தின் தெளியும் நேரம். நல்ல பூத்தில் அது ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும். காற்று சுழன்று நிற்கும் பெரிய அறைகளில் இருபது நிமிடத்தைத் தாண்டலாம். அதே சமயம் ஒருவர் வெளியே நின்று புகை கசிகிறதா என்று பார்த்தால் கசிவுச் சோதனையும் முடிந்தது. வந்த எண்ணைப் பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும் சீனத்திலும் வங்காளத்திலும், பூத் கதவில் ஒட்ட வேண்டும். ஃபில்டர் மாற்றப்போகும் நிலையில் இருக்கும்போது சோதித்தால் மோசமான நேரத்து அளவு கிடைக்கும். ஒட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

தெளியும் நேரம் முடியும்வரை எக்சாஸ்ட் ஓட வேண்டும், முகமூடி முகத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று கன்னோடு சேர்த்து ஃபேனையும் நிறுத்தினால் தெளியும் நேரம் என்பதே இல்லாமல் போகிறது. ஃபேன் ஓடாவிட்டால் கன்னுக்குக் காற்றே வராதபடியும், கன் நின்ற பிறகும் ஃபேன் குறித்த நேரம் ஓடும்படியும் இணைத்துக் கொடுக்க எலெக்ட்ரீஷியனால் முடியும். இதுபோன்ற ஒரு டைமர், ஆயிரம் முறை சொல்லும் அறிவுரையைவிட அதிகம் காப்பாற்றும். குழாய் வழியாகக் காற்று வரும் கவசம் அணிந்தவர் இடையில் வெளியே வர வேண்டியிருந்தால், அந்தக் குழாயோடு கதவுவரை வந்து, வெளியே வந்தபின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பூத்துக்குள் கழற்றிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிவருவது பாதுகாப்பு ஆகாது.

கன் கழுவுவது இன்னொரு மறைந்த நேரம். கப்பில் தின்னரை ஊற்றி, காற்றில் அல்லது துணியில் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்வது பரவலான வழக்கம். கரைப்பானும் மிச்சமிருந்த ஹார்டனரும் ஒரே மூச்சில் வெளியே வரும். அதைச் செய்யும்போது முகமூடி பெரும்பாலும் மேசைமேல் இருக்கும், "வேலைதான் முடிந்துவிட்டதே" என்று. மூடிய கன் வாஷர் வாங்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கன்னைப் பிரித்து, எக்சாஸ்டுக்கு அடியில் தட்டில் வைத்துப் பிரஷால் கழுவ வேண்டும். பீய்ச்சித்தான் ஆக வேண்டுமென்றால் பூத்துக்குள், எக்சாஸ்ட் ஓட, முழு முகமூடியோடு மட்டும்.

முகமூடி. அறுவைச் சிகிச்சை முகமூடியும் என்95 முகமூடியும் தின்னர் ஆவியை ஒரு துளியும் நிறுத்தாது. எந்த மாற்று விளக்கமும் இதற்கு இல்லை. பட்டறையில் பரவலாக உள்ள அரைமுக ரப்பர் முகமூடிக்குக் கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் வேண்டும். ஐரோப்பிய வகையில் பழுப்புப் பட்டை, அமெரிக்க வகையில் கறுப்புப் பட்டை. அதன் முன்னால் துளிகளைப் பிடிக்கும் ஃபில்டரும் வேண்டும். கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் கரி ஆவியை உறிஞ்சி உறிஞ்சி ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். வாடை உள்ளே வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு தின்னருக்கே தப்பு, ஐசோசயனேட்டுக்கு அறவே உதவாது. நேரம் குறித்து மாற்ற வேண்டும். அந்த நேரத்தைக் கணிக்கும்போது சிங்கப்பூரின் காற்றை மறக்கக் கூடாது. ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் கேட்ரிட்ஜின் ஆயுள் பாதியாகும் என்கிறது அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கணிப்பு விதி. இங்கே அதிகாலையில் ஈரப்பதம் 90க்கு மேல் போகிறது. நீண்ட மழை நேரத்தில் 100ஐத் தொடுகிறது. ஆக, வறண்ட நாட்டில் எட்டு மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடினமாக உழைத்து வேகமாக மூச்சு வாங்கினாலும் ஆயுள் அதே விகிதத்தில் குறையும். திறந்த தேதியையும் நேரத்தையும் மார்க்கரால் கேட்ரிட்ஜின் மேலேயே எழுதுங்கள். இடைவேளையில் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். பெயிண்ட் அறையில் ஆணியில் தொங்கவிட்ட கேட்ரிட்ஜ், யாரும் அணியாமலே இரவு முழுவதும் ஆவியை உறிஞ்சித் தீர்ந்துபோகும்.

அளவு பொருந்தாத முகமூடியும் வீண். மூக்கின் பக்கத்திலோ தாடையிலோ கசிந்தால் காற்று சுலபமான வழியையே தேடும். ஒவ்வொருவருக்கும் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும். கசப்பு அல்லது இனிப்புக் கரைசலைத் தெளித்து, சுவை உள்ளே தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறையே போதும். முகமூடித் தேர்வுக்கும் பராமரிப்புக்கும் எஸ்எஸ் 548 என்ற சிங்கப்பூர்த் தரநிலையே இருக்கிறது. ரப்பர் விளிம்பு படும் இடத்தில் முடி இருக்கக் கூடாது, ஒருநாள் தாடிகூட. சமய நம்பிக்கையால் தாடி வைத்திருப்பவரை வற்புறுத்த வேண்டியதில்லை. தலையோடு மூடி, கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் தளர்வான கவசம் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

உண்மையில் டூ-கே ஸ்பிரே செய்யும் எல்லாருக்குமே நாங்கள் பரிந்துரைப்பது அந்தக் கம்ப்ரசர் காற்றில் இயங்கும் கவசம்தான். ஆனால் அதிலும் தவறுகள் நடக்கின்றன. கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் வாய் லாரி நிற்கும் இடத்துப் பக்கம் இருந்தால் டீசல் புகை நேராக மூச்சுக்குப் போகும். எண்ணெய் போட்ட கம்ப்ரசர் அதிகம் சூடானால் அதற்குள்ளேயே கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அமெரிக்காவின் டி தர மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்குள்ளும், எண்ணெய்த் துளிகள் ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள்ளும், ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். கன்னுக்குப் போகும் சாதாரண ஃபில்டர் எண்ணெயையும் நீரையும் பிடிக்குமே தவிர, கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. தளர்வான கவசத்துக்கு நிமிடத்துக்கு 170 லிட்டர் காற்று வேண்டும். ஒரே குழாயில் இரண்டு கன்களும் இரண்டு கவசங்களும் மாட்டினால், கன்னை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கவசத்துக்குள் காற்று இறங்கி, வெளிக்காற்று உள்ளே ஏறும். காற்று குறைந்தால் விசில் அடிக்கும் அல்லது சிவப்பு காட்டும் எச்சரிக்கை இருக்கும் மாதிரியையே வாங்க வேண்டும்.

வெயிலும் புழுக்கமும் பற்றி யாரும் பேசாமல் முகமூடி பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. முழுக் கவரால், கையுறை, ரப்பர் முகமூடியோடு நம் பிற்பகல் வெப்பத்தில் நிற்பவர் அதைக் கழற்றினால் அவரைத் திட்டுவதில் பயனில்லை. காற்றுக் கவசத்தின் இடுப்புப் பட்டையில் பொருத்தும் வோர்டெக்ஸ் குளிர்விப்பான் உள்ளே வரும் காற்றையே குளிரச் செய்யும். அது கூடுதல் காற்றைக் குடிக்கும் என்பதால், கம்ப்ரசர் அதற்கு ஈடுகொடுக்குமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு செய்த இடங்களில் முகமூடி கழற்றுவது தானாகக் குறையும்.

தோலையும் மறக்கக் கூடாது. தோல்வழி படும் ஐசோசயனேட்டும் நுரையீரலை ஆஸ்துமாவுக்குத் தயார்செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மெல்லிய லேட்டக்ஸ் கையுறை தின்னருக்கு நிற்காது. ஒருமுறை பயன்படுத்தும் நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டும். நனைந்தால் உடனே கழற்றி எறிய வேண்டும். அசிட்டோன், எம்இகே போன்ற கரைப்பான்கள் நைட்ரைலைச் சீக்கிரம் ஊடுருவும். அவற்றில் கை வைக்கும் வேலைக்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். தின்னரால் கை கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். தோலின் எண்ணெயைப் பிடுங்கி வெடிக்கவைத்து, அடுத்து வரும் எபாக்சி பெயிண்டுக்கும் ஹார்டனருக்கும் அது கதவைத் திறந்துவிடுகிறது.

கப்பல் தொட்டிகளுக்குள் அடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உள்ளே போகுமுன் கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். எரியக்கூடிய ஆவி, தீப்பிடிக்கும் கீழ் வரம்பில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் நுழையலாம் என்கிறார்கள். அது தீக்கான கணக்கு, மூச்சுக்கான கணக்கு அல்ல. சைலீன் காற்றில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு இருந்தால் தீப்பிடிக்கும். அதில் பத்தில் ஒன்று என்பது சுமார் 1,000 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் சைலீனுக்குக் குறித்துள்ள அளவே 900 பிபிஎம். மீட்டர் பச்சை காட்டும் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழ முடியும் என்றால் காரணம் இதுதான். எபாக்சி அடிக்கும்போது மீட்டர் எதைக் காட்டினாலும் வெளிக்காற்று தரும் கவசம் வேண்டும். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் எக்சாஸ்ட் குழாயின் வாய் தொட்டியின் அடியில் இருக்க வேண்டும். அடித்து முடித்த பிறகும் பெயிண்ட் காயக் காய ஆவி வந்துகொண்டே இருக்கும், காற்றோட்டத்தை நிறுத்தக் கூடாது.

காற்றில்லாமல் பெயிண்டையே அழுத்தித் தள்ளும் ஏர்லெஸ் கன் 3,000 பிஎஸ்ஐ வரையும் அதற்கு மேலும் அழுத்தத்தில் அடிக்கும். முனையில் விரல் பட்டுப் பெயிண்ட் தோலுக்குள் போய்விட்டால், வெளியே ஊசி குத்திய அளவே தெரியும். அதை பிளாஸ்திரி போட்டு விடக் கூடாது. உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், "அதிக அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் விரலையே எடுக்க நேரிடும்.

பழைய பெயிண்டைத் தேய்ப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. விமானங்களின் பழைய பிரைமர் என்னும் அடிப்பூச்சில் குரோமேட் இருக்கும், அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். முழுதும் காயாத டூ-கே பெயிண்டைத் தேய்த்தால் ஹார்டனர் தூசோடு எழும். தூசை உறிஞ்சும் சாண்டர் பயன்படுத்த வேண்டும், காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது. பெயிண்டர் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

பெயிண்டர்களாகிய உங்களுக்கு: மாலையில் அல்லது நடுராத்திரியில் இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங் வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை குறைந்து, ஊருக்கு விடுமுறையில் போனால் மறைந்து, திரும்பி வேலைக்கு வந்ததும் மீண்டும் வருகிறதா? தங்குவிடுதியின் ஏர்கான் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். ஐசோசயனேட் ஆஸ்துமா பல மணி நேரம் கழித்து வருவது வழக்கம். மருத்துவரிடம் "இருமல்" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்துதான் கிடைக்கும். "நான் ஸ்பிரே பெயிண்டர், ஹார்டனர் கலந்து அடிக்கிறேன், லீவு நாளில் நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஹார்டனர் டப்பாவின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாயில் ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு முறை ஊதி, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் சில வாரங்கள் எழுதி வைத்தால், வேலைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

முகமூடிக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை. பாதுகாப்புக் குறையை நல்லெண்ணத்துடன் அமைச்சிடம் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவதையும், நீக்குவேன் என்று மிரட்டுவதையும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் இடமுண்டு. நோய் என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு கோரிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. கோரிக்கை வைக்க வழக்கறிஞர் தேவையில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 விழுக்காட்டுக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் பயன்படுத்துபவர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது கட்டாயம். அங்கு விற்கும் டப்பாக்களின் லேபிளிலேயே இந்த வாசகம் அச்சாகியிருக்கும். அதே நிறுவனங்களின் ஹார்டனர் இங்கேயும் விற்கிறது. மனிதவள அமைச்சும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றமும் அந்த வாசகத்துக்கு இங்கே உயிர்கொடுக்க வேண்டும். ஹார்டனர் மூடியைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அவருக்குப் புரியும் மொழியில், செய்முறையோடு, பயிற்சி கட்டாயமாக வேண்டும். திரையில் காட்டும் படங்களோடு நிற்காமல், முகமூடி பொருத்தமும் புகைச் சோதனையும் கன் கழுவுதலும் கையால் செய்து காட்டும் பயிற்சியாக இருக்க வேண்டும்.

டூ-கே அடிக்கும் பட்டறைகள் சிறுநீர்ச் சோதனையையும் வழக்கமாக்க வேண்டும். ஸ்பிரே முடிந்த உடனே எடுத்த சிறுநீரில் எச்டிஐயின் கழிவுப்பொருளை அளக்க முடியும். பிரிட்டனில் இதற்கான வழிகாட்டு அளவு, சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியாட்டினின் என்ற பொருளின் ஒரு மோலுக்கு ஒரு மைக்ரோமோல். அதற்கு மேல் வந்தால் பெயிண்டரைக் குற்றம் சொல்லாமல், பூத், முகமூடி, கழுவும் முறை மூன்றில் எது கசிகிறது என்று தேட வேண்டும். சில மணி நேரத்திலேயே அளவு இறங்கிவிடும் என்பதால் மறுநாள் காலை எடுத்த மாதிரி பயன்படாது. முதலாளிகள் இதைத் தொழில்வழி மருத்துவரோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெயிண்ட் விற்கும் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பகுதிகள் உள்ளன. அவற்றில் உள்ளடக்கத்தைச் சொல்லும் 3ஆம் பகுதியையும், எந்தக் கையுறை, எந்த முகமூடி என்று சொல்லும் 8ஆம் பகுதியையும் மட்டும் தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் பர்மிய மொழியிலும் ஒரே பக்கமாக அச்சிட்டு, ஒவ்வொரு ஹார்டனர் டப்பாவோடும் கொடுங்கள். தமிழ்ப் பக்கத்தைச் சம்பளம் வாங்காமல் சரிபார்த்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
சிங்கப்பூர்